மூன்று பேருக்கான பொட்டலம்

வேலையிடத்தில் அவளுக்கு மடிப்புக்காரி என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். விரிப்பை உதறி, நான்கு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைத்து, உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்து அடுக்கினால், அடுக்கு சுவர் மாதிரி நிற்கும். ஒரு மூலை நகம் அளவு பிதுங்கினாலும் பிரித்து மறுபடி மடிப்பாள். "போதும்மா, படுக்கப்போறவன் ஸ்கேல் வச்சா பாக்கப்போறான்?" என்று மேற்பார்வையாளரே கேலி செய்வார். இப்படி மூலைக்கு மூலை ஒழுங்கு பார்க்கிறவள்தான் ஒரு பொட்டலம் கறி விஷயத்தில் தப்புக்கு மேல் தப்பாகச் செய்து ஒரு மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்டாள். பொய் சொல்லிப் பழகாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும். பழகியவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அவளுடைய வீட்டுக்காரர் முப்பது வருஷம் லேத் பட்டறையில் நின்றே வேலை பார்த்து முட்டியைத் தேய்த்துக்கொண்டவர். எட்டு மாதத்துக்கு முன்னால் முட்டியில் ஆபரேஷன் ஆனது. அதன் பிறகு அவர் படி இறங்க வேண்டுமென்றால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அதுவரைக்கும் சனிக்கிழமை கறி வாங்குவது அவருடைய வேலை. வீட்டில் உப்பு இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்காத மனுஷன், கறி மட்டும் தன் கையால்தான் வாங்க வேண்டும் என்பார். தெரு முனையில் இருக்கிற கறிக்கடைக்காரரும் இவரும் ஒரே வயசு. ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்கிறவர்கள் நிஜமாகவே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்று நினைப்பார்கள். அந்த முறையில் மடிப்புக்காரி கடைக்காரருக்குத் தங்கச்சி, அவள் மகள் மருமகள். கடைக்காரரை இவள் அண்ணே என்பாள்.

அந்த அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கை வீட்டு ஆட்கள் இத்தனை கிலோ என்று வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மூக்கின்மேல் கோபம் வந்துவிடும். "எனக்குத் தெரியாதா உங்க வீட்டுல எத்தனை வாய் இருக்குன்னு?" என்பார். அவரே வெட்டுவார், அவரே கட்டுவார். கறியைப் பையில் போட்டு, மேலே பழுப்புத் தாளைச் சுற்றி, நீலப் பென்சிலால் வீட்டில் இருக்கிற ஆட்களின் எண்ணிக்கையைப் பெரிதாக எழுதுவார். ஐந்து, ஏழு, மூன்று. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது என்று காதில் விழுந்தால் அடுத்த வாரம் ஓர் அரை கூடும். இரண்டரை என்று எழுதின பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு புது அப்பன் நடுத்தெருவில் நின்று சிரித்ததை இவளே பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டில் யாராவது செத்துப்போனால் அவர் துக்கம் விசாரிக்க மாட்டார். ஒன்றைக் குறைத்து எழுதி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பொட்டலத்தை நீட்டுவார். வாங்குகிறவர்கள் அங்கேதான் அழுவார்கள்.

இவர்கள் வீட்டுப் பொட்டலத்தில் இருபத்தைந்து வருஷமாக மூன்று.

மகள் வீட்டை விட்டுப் போய் ஏழு மாதமாகிறது. நிச்சயம் பண்ணின கல்யாணத்தை, தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வேண்டாம் என்றாள். காரணம் கேட்டதற்கு, "பிடிக்கல, அவ்வளவுதான்" என்றாள். கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் கிடந்த அப்பா, வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னார். அதில் ஒன்று, "இனிமே இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான்" என்பது. அவள் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். எழுந்து போய்த் தடுக்க அவருக்குக் கால் இல்லை. தடுத்திருக்க வேண்டியவள் அடுப்படியில் நின்றுகொண்டு, கோபம் ஆறட்டும், சாயங்காலம் வந்துவிடுவாள் என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

தெருவுக்கும் சொந்தக்காரர்களுக்கும், வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. எல்லோரும் தலையாட்டிவிட்டுத் தங்கள் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். கறிக்கடை அண்ணன் மட்டும் அப்படிப் போகவில்லை.

"மருமக எப்ப வர்றா தங்கச்சி?"

"அடுத்த வாரம் வர்றேன்னிருக்கா அண்ணே."

"அப்ப மூணாவே போட்டுடறேன். வந்து பாத்துட்டு மாமன் குறைச்சுட்டான்னு சொல்லிடக் கூடாதுல்ல?"

குழந்தையிலிருந்தே மகளுக்கு நல்லியெலும்பு என்றால் உயிர். அதைத் தட்டித் தட்டி உறிஞ்சுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அண்ணன் அதை மறக்கவில்லை. வாரா வாரம் ஒன்று எடுத்து வைத்திருந்து பொட்டலத்தில் போடுவார். அதைச் சமைத்தால் வீட்டுக்காரர் தட்டில் பார்ப்பார். தூக்கி எறிய மனசு வராது. மடிப்புக்காரி அதைப் படிக்கட்டுக்குக் கீழே படுத்திருக்கும் நாய்க்குப் போடுவாள். அந்தப் பொய்யில் கொழுத்தது அந்த நாய் ஒன்றுதான்.

அடுத்த வாரம், அடுத்த மாதம், லீவு கிடைக்கவில்லை, காய்ச்சல். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை வாசலில் நிற்கும்போது புதிதாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. கேள்வி கேட்கிற மனுஷன்மேல் கோபம் வந்தது. அவர் அக்கறையாகக் கேட்கிறார் என்று தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. இருபது பேர் முன்னால் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் உன் பெண் எங்கே என்று பாசமாகக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

மூன்று மாதத்துக்கு முன்னால், கை கழுவும் சோப்பு வாங்க ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனாள். உள்ளே வெளியூர் வந்ததுபோல் குளிர்ந்தது. பின்பக்கம் வெள்ளை விளக்கின் கீழ் கறி வரிசையாக அடுக்கியிருந்தது. ஒவ்வொரு தட்டின்மேலும் பளபளவென்று கண்ணாடித்தாள், எடை, தேதி. ரத்தமில்லை, ஈயில்லை, வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தட்டுகளின் மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருந்தது வேறு அவளுக்குப் பிடித்துப்போனது. இரண்டு பேருக்குப் போதுமான ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் வைத்தாள். கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பை வேணுமா?"

அவ்வளவுதான் கேள்வி. மடிப்புக்காரிக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

ஆனால் வீட்டில் இருக்கிறாரே அவர்! மச்சான் கையால் வெட்டாத கறியை அவர் தொடவே மாட்டார். இங்கேதான் அவளுடைய பழக்கம் அவளுக்குக் கை கொடுத்தது. கை கொடுத்தது என்று அப்போது நினைத்துக்கொண்டாள். மடிக்க முடிந்த எதையும் அவள் எறிய மாட்டாள். அண்ணன் சுற்றிக் கொடுக்கும் பழுப்புத் தாள்களைக் கறை படாமல் பிரித்து, நீவி, நாலாக மடித்து, அடுப்படி இழுப்பறையில் வருஷக்கணக்காக அடுக்கி வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் நீலப் பென்சிலில் மூன்று. அதில் ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில், மின்சார மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, தட்டைக் கிழித்துக் கறியை வேறு பைக்கு மாற்றி, மேலே தாளைச் சுற்றுவாள். காலித் தட்டு அங்கே இருக்கிற பொதுக் குப்பைக் கூடைக்குப் போகும். மூன்றாவது மாடிக்கு ஏறும்போது அது மச்சான் கடைப் பொட்டலம்.

"கத்தின்னா அவன் கத்திதான்" என்பார் வீட்டுக்காரர், மென்றுகொண்டே. "இந்த பிளாஸ்டிக் தட்டுக் கறி தின்னுற ஜனங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள். சிரிப்பு வரும், அதன் பின்னாலேயே அழுகையும் வரும்.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. அவர்கள் தெரு ஒரு பக்கம் அடைத்த தெரு. மறுமுனை ரயில் பாதைச் சுவரில் முட்டி நிற்கிறது. உள்ளே போக வேண்டுமென்றால் கறிக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கையில் பையோடு அவர் கண்ணில் பட முடியாது. அண்ணன் மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவார். இவளுக்கு வேலை பதினொன்றுக்கு முடியும். அதனால் சூப்பர் மார்க்கெட்டின் குளிரிலேயே சுற்றிச் சுற்றி வந்து, பன்னிரண்டே முக்காலுக்குக் கறித் தட்டை எடுத்து, பணம் கட்டி, ஷட்டர் இறங்கின பிறகு தெருவுக்குள் நுழைவாள். இப்படி ஏழு சனிக்கிழமை சரியாக நடந்தது.

எட்டாவது சனிக்கிழமை நல்ல வெயில். வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் வலி. "கொத்துக்கறி வாங்கிட்டு வா. மச்சான்கிட்ட ரெண்டு கத்தியில கொத்தச் சொல்லு, மிஷின்ல போட்டுடப் போறான்" என்று சொல்லி அனுப்பினார். அவள் கொத்துக்கறித் தட்டு இருக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது வாசல் காவலாளி பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா, வாரா வாரம் ரெண்டு மணி நேரம் இங்கயே சுத்துறீங்க? ஏதாச்சும் தேடுறீங்களா?"

கெட்டதாக அவர் கேட்கவில்லை. ஆனால் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திருடி என்று நினைத்துவிட்டார்களோ என்று அவளுக்குக் காது சிவந்துபோனது. கைக்குக் கிடைத்த தட்டை எடுத்து, பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அப்போது மணி பதினொன்றரை. தெரு முனைக்குச் சற்று முன்னால் தகரக் கூரை போட்ட பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம்தானே என்று நினைத்தாள்.

ஒரு மணியானது. ஷட்டர் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தாள், யாரோ விசேஷத்துக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும், அண்ணன் வேர்த்து ஊற்ற ஊற்ற வெட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை. இரண்டு. தகரம் அனலாகக் காய்ந்தது. பையின் அடியில் ஈரம் கசிந்து மடியை நனைத்தது. எழுந்து நேராக நடந்துபோய், அண்ணே என்று கூப்பிட்டு, உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒருமுறை தோன்றியது. எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். ஷட்டர் இறங்கும்போது மணி இரண்டே முக்கால்.

மீட்டர் பெட்டி பக்கத்தில் தட்டைக் கிழித்தபோது வாடை வந்தது. பெரிய வாடை இல்லை. ஆனால் அவள் மூக்குக்குத் தெரிந்தது. சலவைக்கூடத்தில் எந்த விரிப்பு சரியாக வெளுக்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மூக்கு அது. மேலேயிருந்து அவர் குரல் கொடுத்தார். "வந்துட்டியா? பசி உயிர் போகுது!" அவள் தாளைச் சுற்றினாள். மேலே போய்க் கறியை உப்புப் போட்டு மூன்று தண்ணீரில் அலசினாள், காரத்தை இரண்டு பங்காகப் போட்டாள், நன்றாக வேகவிட்டால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெயிலில் தலை சுற்றுகிறது என்று தான் மட்டும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பிற்பாடு அவளை அறுத்தது இந்த இடம்தான். தெரியாமல் போட்டேன் என்று அவளால் ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாது.

சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அவருக்கு வாந்தி தொடங்கியது. ஏழு மணிக்குக் கண் சொருகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆட்கள் நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடியும் தூக்கி இறக்கினார்கள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான். அவள் மடித்த விரிப்பில்தான் படுக்க வைத்தார்கள். மடிப்புக் கோடு நேராக அவர் நெஞ்சுக்குக் கீழே ஓடியது.

"என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்டார்.

"கொத்துக்கறி."

"எங்க வாங்கினது?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலில் இருந்து, கண்ணைத் திறக்காமலே, "எங்க தெரு முனைக் கடையில" என்றார் அவர். டாக்டர் எழுதிக்கொண்டார். நர்ஸ் ஊசியோடு வந்து, தள்ளி நில்லுங்கம்மா என்றாள். அவள் தள்ளி நின்றாள். அவ்வளவுதான், அந்த நேரம் போய்விட்டது.

வீட்டுக்காரருக்கு ஒரு தங்கை உண்டு. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அவள் காதில் விழுந்த சங்கதி மறுநாள் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்பதால் அவளுக்கு ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர். அவருக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனவள், அடுப்படி மேடையில் நீலப் பென்சில் எழுத்தோடு கிடந்த தாளைப் பார்த்தாள். அவ்வளவு போதாதா? மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து மூச்சுவிடாமல் சொன்னாள்.

"விட்டுருவேனா அண்ணி? நல்ல கூட்டம் இருக்கற நேரமாப் பாத்துப் போனேன். கெட்டுப்போன கறியக் குடுத்து எங்கண்ணனக் கொல்லப் பாத்தியேன்னு கேட்டேன். அந்த ஆளு என்ன சொல்றான் தெரியுமா? இந்த வீட்டுக்கு நான் கறி போட்டே ரெண்டு மாசமாச்சுங்கறான்! எப்படி இருக்கு? தாளை மூஞ்சிக்கு முன்னால நீட்டி, இது யாரு எழுத்துன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?" என்றாள் மடிப்புக்காரி.

"என்னத்தச் சொல்லுவான்? தாளையே பாத்துக்கிட்டு நின்னான். என் எழுத்துதான்னான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. வரிசையில நின்ன ஜனமெல்லாம் அப்படியே கலைஞ்சுடுச்சு."

இரண்டு நாளில் டிரிப்ஸைக் கழற்றினார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார். மெலிந்து போயிருந்தார், ஆனால் பிழைத்துவிட்டார். கடைதான் பிழைக்கவில்லை. தெருவில் எல்லோர் கையிலும் சூப்பர் மார்க்கெட் பை. இவள் இரண்டு மாதமாக ஒளித்து ஒளித்துக் கொண்டுவந்த அதே பை, இப்போது ஆட்டிக்கொண்டே போனார்கள். கடையில் கொக்கிகள் காலியாகத் தொங்கின. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணன் வெட்டுக்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவளைப் பார்ப்பார். கூப்பிட மாட்டார், திட்ட மாட்டார். வாங்காத வீட்டில் தன் தாள் எப்படி வந்தது என்று அந்த மனுஷன் இந்நேரம் யோசித்து முடித்திருப்பார். அந்தப் பார்வைக்கு அவர் கத்தியை எடுத்து வீசியிருக்கலாம். மூன்று வாரம் இப்படியே தலையைக் குனிந்துகொண்டு போய் வந்தாள். சலவைக்கூடத்தில் மூலைகள் பிதுங்கின. "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று மேற்பார்வையாளர் அடுக்கைக் காட்டினார்.

நாலாவது வாரம் வீட்டுக்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். நகராட்சி சுகாதார அலுவலகத்துக்குப் புகார். தங்கை சொல்லச் சொல்ல அவர் எழுதியிருந்தார். கடையை மூட வேண்டும் என்று கடைசி வரியில் இருந்தது.

"அவனப் போய் மச்சான் மச்சான்னு கூப்பிட்டேன் பாரு. இங்க கையெழுத்துப் போடு. வாங்குனவ நீதானே?"

அவள் பேனாவை வாங்கினாள். காகிதத்தின் மூலையை மூலையோடு சேர்த்தாள். பிரித்தாள்.

"நான் அவருகிட்ட வாங்கல."

"என்னது?"

"அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியிருந்தே சூப்பர் மார்க்கெட்லதான் வாங்குனேன். அந்தத் தாள் பழைய தாள். நான்தான் சுத்திக் கொண்டாந்தேன். அன்னைக்கு அவர் கடையைச் சாத்துற வரைக்கும் பையோட வெயில்ல உக்காந்திருந்தேன். கறியில வாடை வந்துச்சு. தெரிஞ்சேதான் சமைச்சேன்."

அவர் முதலில் சிரித்தார். "நீயா? உனக்கு ஏது அவ்வளவு சாமர்த்தியம்?" அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எதுக்குடி?"

"அவரு வாராவாரம் கேக்குறாருங்க. மருமக எப்ப வர்றான்னு."

அந்த வீட்டில் ஏழு மாதமாக யாரும் எடுக்காத பேச்சு. அவர் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு காகிதத்தை வாங்கிக் கசக்கிக் கட்டிலுக்குக் கீழே போட்டார்.

"புகார் வேண்டாம். ஆனா நீயும் வாயத் திறக்காதே. இதச் சொன்னா அதச் சொல்லணும், அதச் சொன்னா நம்ம வீட்டுக் கதை பூரா தெருவுக்கு வந்துடும். நான்தான் பொழைச்சுட்டேன்ல? அவனும் நாலு மாசத்துல பழையபடி நிமிந்துருவான்."

"நிமிரலைன்னா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளுக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது. பெண் படி இறங்கின அன்றைக்கும் இப்படித்தான், தானாகச் சரியாகிவிடும் என்று ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். "நாளைக்குப் பதினொன்னரை மணிக்குக் கறிக்கடைக்கு வா. உங்கண்ணன் சாப்பிட்ட கறியப் பத்தி அங்க ஒரு விஷயம் பேசணும்" என்று மட்டும் சொன்னாள். அது போதும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் ஸ்பீக்கர் ஆறு பெண்களோடு, சண்டை பார்க்கிற முகத்தோடு வந்து நின்றாள். பக்கத்து மருந்துக் கடைக்காரரும் வாசலுக்கு வந்தார். கடையில் ஒரே ஒரு ஆடு தொங்கியது. அண்ணன் கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மடிப்புக்காரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முந்தானை முனையை எடுத்து மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு சாப்பிட்டது இந்தக் கடைக் கறி இல்ல. அண்ணன் சொன்னது நெசம். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியிருந்தே நான் இங்க வாங்கல. வேற எடத்துல வாங்கி, பழைய தாள்ல சுத்தி வீட்டுக்குக் கொண்டு போனேன். அந்தக் கடை மேலயும் தப்பில்ல. வெயில்ல மூணு மணி நேரம் வச்சிருந்து நான்தான் கெடுத்தேன்."

"அண்ணி! என்ன உளர்றே?" நாத்தனார் குரல் கீச்சிட்டது. "எதுக்கு அப்படிப் பண்ணே?"

"என் பொண்ணு வெளியூர்ல வேலை பாக்கல. வீட்ட விட்டுப் போயிட்டா. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. அண்ணன் கேக்குறப்ப சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான்."

மூன்று தெருவுக்குக் கேட்கும் வாய், அந்த ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் திறந்திருந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, எதற்கோ பரிகாரம் போல, எனக்கு ஒரு கிலோ போடுங்க என்றாள். இன்னொருத்தியும் கேட்டாள். அண்ணன் வெட்டினார், நிறுத்தார், கொடுத்தார். மடிப்புக்காரி வரிசையில் கடைசியாக நின்றாள். அவள் முறை வந்தபோது கடை வாசலில் வேறு யாரும் இல்லை.

"அண்ணே, என்னைத் திட்டிடுங்க."

அவர் கட்டையில் இருந்த துணுக்குகளை வழித்துத் தள்ளினார்.

"எவ்வளவு?" என்றார்.

இருபத்தைந்து வருஷத்தில் அந்த வீட்டு ஆட்களிடம் அவர் கேட்காத கேள்வி அது.

"ரெண்டு பேருக்கு."

"ரெண்டு பேருக்குன்னா எப்படிம்மா? கிலோ சொல்லுங்க."

தங்கச்சி இல்லை. ம்மா. வாங்க, போங்க.

"அரைக் கிலோ."

எடை பார்த்து, ஒரு துண்டைக் கூட்டி, ஒரு துண்டைக் குறைத்து, சரியாக அரைக் கிலோ வெட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். அவள் பழக்கத்தில் பழுப்புத் தாள் கட்டு வழக்கமாக இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. நீலப் பென்சிலும் இல்லை.

"தாள்ல சுத்தறத விட்டுட்டேன்" என்றார் அவர், அவள் கேட்காமலே. அடுத்து ஏதாவது கேட்பார் என்று அவள் நின்றாள். எப்ப போனா, எதுக்குப் போனா, தேடுனீங்களா என்று என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், எல்லாவற்றுக்கும் இப்போது அவளிடம் உண்மையான பதில் இருந்தது. அவர் குழாயைத் திறந்து கத்தியைக் கழுவத் தொடங்கினார். அவள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மீட்டர் பெட்டித் திருப்பத்தில் நிற்காமல் நேராக மூன்றாவது மாடிக்கு ஏறினாள். கறியை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். வீட்டுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். யாரோ அதற்குள் மேலே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். கத்தப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் கத்தவில்லை. வெள்ளைப் பை இருந்த பக்கம் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியாமே?"

"சொல்லிட்டேன்."

அவர் கால்மேல் கிடந்த போர்வையை இழுத்தார், விட்டார். கடைசியில், ஏழு மாதத்தில் முதல் தடவையாக, கேட்டுவிட்டார்.

"மச்சான் நம்ம பொண்ணப் பத்தி ஏதாச்சும் கேட்டானா?"

"கேக்கல" என்றாள் அவள்.